உடையாத ஆர்ம்

சோனாவின் காரை மோட்டார் ரூம் சுவரில் கொண்டுபோய் மோதியவன் நான்தான். கை தவறி மோதவில்லை. என் கூட்டாளி கௌசிக்கின் கடலைக்காட்டில் அங்கங்கே நின்றிருந்தவர்களை எல்லாம் சத்தம் போட்டுக் கூப்பிட்டு, வரிசையாக நிற்க வைத்து, "இப்பப் பாருங்க, இப்பப் பாருங்க" என்று சொல்லிவிட்டு மோதினேன். இதை விபத்து என்று சொன்னால் விபத்து கோபித்துக்கொள்ளும்.

கார் என்றால் ஆள் ஏறுகிற கார் இல்லை. முழங்கை நீளம் இருக்கும், ரிமோட்டில் ஓடுவது. எண்பதுகளில் ஜப்பானில் செய்த பழைய மாடல். இந்த வயசில் எங்களுக்கு இப்படி ஒரு பைத்தியம். கடலை பிடுங்கி முடித்துக் காடு சும்மா கிடக்கும் மாதங்களில், மலையாள எல்லையோரம் வடகரப்பதியில் கௌசிக்கின் காடுதான் எங்கள் ரேஸ் மைதானம். கிழிந்த சொட்டுநீர்க் குழாயை வளைத்துப் போட்டுப் பாதை. மண்ணைக் கூட்டி மேடு. தலை நரைத்தவர்களும் வழுக்கை விழுந்தவர்களும் ஆளுக்கொரு ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்போம். ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து பார்ப்பவர்களுக்கு, ஏதோ பஞ்சாயத்தில் நிலம் அளக்கிறார்கள் என்று தோன்றும்.

இந்தக் கார்களுக்கு ஒரே வியாதி, ஆர்ம் உடைவது. சக்கரத்தை வண்டியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் ஆடுகிற தட்டையான சஸ்பென்ஷன் பாகம் அது. இத்தனை வருடத்தில் அந்தப் பிளாஸ்டிக் காய்ந்து பிஸ்கட் மாதிரி ஆகிவிட்டது. ஒரு மேட்டில் ஏறிக் குதித்தால் படக். அன்றைய ரேஸ் முடிந்தது.

எனக்கு எலப்புள்ளியில் லேத் பட்டறை. கஞ்சிக்கோட்டுக் கம்பெனிகளுக்கு புஷ்ஷும் ஷாஃப்ட்டும் கடைந்து கொடுத்துச் சாப்பிடுகிறேன். இந்தப் படக் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு வயிறு எரிந்து, ஒருநாள் மிச்சம் கிடந்த அலுமினியக் கட்டையை மில்லிங் மிஷினில் ஏற்றினேன். விமானத்துக்கு எடுக்கிற கிரேடு. கம்பெனி வேலையில் மீந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றிச் செதுக்கி, பின் கம்பி போகிற துளையை ரீமர் விட்டு வழவழப்பாக்கி, ஓரத்தை அரம் போட்டு மழித்து, கடைசியில் அவரவர் பெயரின் முதல் எழுத்தையும் வெட்டினேன். எல்லோருக்கும் ஒரு ஜோடி, சும்மா. கொடுத்தபோது குப்பண்ணன் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, இத வண்டியில மாட்டறதா, பொண்டாட்டி கழுத்துல மாட்டறதா?" என்றார். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். பேரனுக்கு வாங்கிய காரைப் பேரன் கையில் கொடுக்காமல் தானே ஓட்டுகிறவர். அந்தப் பாராட்டுக்குப் பிறகு என் கால் தரையில் படவில்லை.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை சோனாவின் காரில் என் ஆர்மை மாட்டிய கையோடு, ரிமோட்டையும் நானே பிடுங்கிக்கொண்டேன்.

சோனா வண்டிப்பெரியாற்றுப் பெண். அப்பா பெயர் சுவக்கீன், தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டர். இவள் கஞ்சிக்கோட்டில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறாள், எலப்புள்ளியில் ஹாஸ்டல். அந்தக் கார் அவள் அப்பாவுடையது. எஸ்டேட்டை விட்டுப் போன மேனேஜர் ஒருவர் குப்பையில் போடச் சொல்லிக் கொடுத்ததை அவர் போடவில்லை. ஃபாக்டரி ஷிப்ட் முடிந்து வந்து, மலைச்சரிவில் தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் ஓட்டுவாராம். இப்போது கண் சரியில்லை என்று மகளிடம் கொடுத்து, "ஓட வச்சுக் கொண்டா" என்று அனுப்பியிருக்கிறார். பங்குத் திருவிழாவுக்குக் கொண்டுபோய், சர்ச் மைதானத்தில் அவர் கையாலேயே ஓட்ட வைக்க வேண்டும். அதுதான் அவளுக்கு வேண்டியது.

அந்தக் காரைத்தான் சுவரில் மோதினேன்.

தூசி அடங்கியதும் ஓடிப்போய்த் தூக்கினேன். என் ஆர்மில் ஒரு கோடு இல்லை. ஒரு நெளிசல் இல்லை. முகம் பார்க்கலாம். தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, "பாத்தீங்களா! ஒரு கீறல்! ஒரே ஒரு கீறல் காட்டுங்க!" என்று கத்தினேன்.

யாரும் ஆர்மைப் பார்க்கவில்லை. என் கால்மாட்டையே பார்த்தார்கள்.

சோனாதான் மெதுவாகச் சொன்னாள். "அண்ணே, உங்க கையில இருக்கது பாதி வண்டி. மீதி கீழ கெடக்கு."

முன்பக்கக் கியர் பெட்டி நடுவில் பிளந்து, ஒரு பாதி என் ஆர்மோடு தொங்கிக்கொண்டு வந்திருந்தது. பல்சக்கரங்கள் பிடுங்கிப் போட்ட கடலைக் கொடிக்குள் சிதறிக் கிடந்தன. ஆர்ம் கூட எங்காவது தேடினால் கிடைக்கும். அந்தப் பெட்டி எங்கும் கிடைக்காது. செய்தவர்களே வார்ப்பு அச்சைத் தூக்கிப் போட்டு எவ்வளவோ காலமாயிற்று.

அந்த நேரம் பார்த்து அவளுக்குப் போன் வந்தது. "ஓடுதுப்பா... நல்லா ஓடுது... இல்ல, இப்ப ஓடல. சார்ஜ் போட்டுருக்கேன்" என்றாள், பல்சக்கரம் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டே. எனக்கு அந்த மோட்டார் ரூம் கிணற்றில் குதித்தால் என்ன என்று இருந்தது. குதித்திருந்தாலும் இடுப்பளவுதான் தண்ணீர்.

"பெட்டி நான் செஞ்சு தர்றேன் அம்மிணி. திருவிழாவுக்கு வண்டி ஓடும்" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து, "அப்புறமாப் பேசுதேன்ணே" என்று காரை வாரி அட்டைப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள். கியர் பெட்டியின் உடைந்த துண்டுகளும் பல்சக்கரங்களும் மட்டும் அளவெடுக்க என் கையில் நின்றன.

அவள் போனதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார்மேல்? முதலில் ஜப்பான்காரன்மேல். ஒரு சுவரைத் தாங்காத பெட்டியைச் செய்து கடல் கடந்து அனுப்புகிறவனை என்ன சொல்வது? அடுத்து, சுவரைக் கட்டிய கொத்தனார்மேல். அப்புறம்தான் ஒரு சின்ன உறுத்தல் வந்தது. கௌசிக்கைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"மாப்ள, உள்ளதச் சொல்லு. என்ற ஆர்ம்ல ஏதாச்சும் கொறையா?"

"அய்யோ, ஆர்முங்களா! இரும்பாட்ட நிக்குதுங்ணா!"

"பின்ன பெட்டி ஏன் போச்சு?"

"பழைய பிளாஸ்டிக்குங்ணா. அதுக்கும் வயசாவுமில்லீங்?"

குப்பண்ணனிடம் போனேன். அவர் தோளில் தட்டி, "சாரமில்லீங் தம்பி" என்றார். பரவாயில்லை என்பதற்கு மலையாளத்திலிருந்து நாங்கள் வாங்கி வைத்துக்கொண்ட சொல் அது. வாங்கின நாளிலிருந்து எங்கள் பக்கம் உண்மைக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. வீடு எரிந்தாலும் சாரமில்லை.

வாட்ஸாப் குரூப்பில் எழுதினேன்: ‘ஆர்ம் பற்றி உங்கள் கருத்தை ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லவும்.’ கட்டைவிரல்கள் வந்தன. கும்பிடுகள் வந்தன. ஒருவர் ரோஜாப்பூ அனுப்பினார். குப்பண்ணன் சூரியன் உதிக்கிற படத்தைப் போட்டு இனிய காலை வணக்கம் சொன்னார், அப்போது சாயங்காலம்.

நான் என்ன இவர்களிடம் சொத்தா எழுதி வாங்குகிறேன்? ஒரு கேள்வி கேட்கிறேன். ஆமாம் அல்லது இல்லை. எங்கள் பக்கத்தில் இல்லை என்ற சொல்லைச் சொல்வதற்குள் பத்து ‘ங்க’ போட்டு மூடி, அது உள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துவிடுகிறது. பெண் பார்க்கப் போய்ப் பிடிக்கவில்லை என்றால் கூட, ‘சாதகத்த இன்னொருக்கா பாத்துட்டுச் சொல்றமுங்க’ என்று இலையை மடித்து எழுந்து வருகிற ஜனங்கள்.

பட்டறைக்கு வந்து பெட்டி செய்ய உட்கார்ந்தேன். உடைந்த துண்டுகளை ஒட்டி நிறுத்தி, வெர்னியர் வைத்து ஒவ்வோர் அளவாக எடுத்து, அலுமினியக் கட்டையில் குடைந்தேன். முதல் பெட்டியில் பேரிங் உட்காருகிற குழி லூசாகிவிட்டது. பேரிங் உள்ளே போய்ப் பாயும் தலையணையும் போட்டுப் படுத்துக்கொண்டது. தூக்கி எறிந்தேன். இரண்டாவதில் பல்லும் பல்லும் இறுகிக் கடித்துக்கொண்டன. நடுவில் ஒரு காகிதத் துண்டைக் கொடுத்துச் சுற்றி, காகிதம் கிழியாமல் மடிப்பு மடிப்பாக வெளியே வருகிற வரைக்கும் குழியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அதற்குள் என் மனைவி சுஷ்மா வந்து நின்றாள்.

"ஏனுங்க, கம்பெனிக்காரங்க புஷ்ஷு கேட்டு ரெண்டு மொறை கூப்டுட்டாங்க."

"இரு. நீ ஒண்ணு சொல்லு. என்ற ஆர்ம்ல தப்பிருக்கா?"

"நீங்க செஞ்சது தப்பாவுமுங்களா?"

"அதா கேட்டேன்? தப்பிருக்கா, இல்லியா?"

"பூண்டுக் கொழம்பு வெச்சிருக்கறனுங். ஆறிப்போவுது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். ஆக, தாலி கட்டினவளும் அந்தக் கட்சிதான்.

எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. பெட்டியின் சுவரை இன்னும் கொஞ்சம் தடிமனாக விட்டேன். ஆர்ம் உடையாது, பெட்டியும் உடையாது. இனி மோதினால் மோட்டார் ரூம்தான் உடைய வேண்டும். அடுத்தபடியாக அடித்தட்டையும் அலுமினியத்தில் செய்துவிடலாம் என்று படம்கூடப் போட்டேன். எனக்கே என்னைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. அந்த மாதிரிச் சமயங்களில் என் பக்கத்தில் யாராவது இருந்து பிடித்து நிறுத்த வேண்டும். யாரும் இருப்பதில்லை.

அடுத்த ரேஸுக்குப் பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். சோனா இன்னும் வரவில்லை. கார்கள் எல்லாம் தென்னை நிழலில் சாக்கின் மேல் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் என் ஆர்ம், வெள்ளி வெள்ளியாக. பார்த்ததும் மனசு குளிர்ந்தது. சும்மா ஒரு தடவு தடவலாம் என்று குப்பண்ணனின் காரைத் தூக்கினேன்.

தூக்கியதும் சந்தேகம் வந்தது. கார் பூ மாதிரி மேலே வந்தது. என் ஆர்ம் போட்ட கார் அப்படி வராது. அதில் வெட்டியிருந்த ‘கு’வைப் பார்த்தேன். அழகான ‘கு’. வளைவு வளைவாக, பள்ளிக்கூட வாத்தியார் எழுத்து. நான் வெட்டிய ‘கு’ வாலில்லாத பல்லி மாதிரி இருக்கும். அது எனக்குத் தெரியும். விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தேன். ‘கு’ அழிந்தது. நகத்தால் சுரண்டினேன். வெள்ளிக்குக் கீழே கறுப்பு நைலான்.

அடுத்த காரைச் சுரண்டினேன். கறுப்பு. அதற்கடுத்ததும் கறுப்பு. கௌசிக்கின் காரில் பெயின்ட் இன்னும் சரியாகக் காயக்கூட இல்லை. என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது.

"டேய் கௌசிக்!"

வந்தான். என் கட்டைவிரலைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான்.

"இதென்றா?"

"ப்ரின்ட்டருங்ணா... ஊட்ல ஒரு ப்ரின்ட்டர் வாங்கி வெச்சனுங்கல்ல, நைலான்ல சாமானையே அச்சடிக்கறது... சும்மா ஒரு மாறுதலுக்குங்ணா."

"மாறுதலுக்கா? அத்தன பேருக்குமா?"

"கேட்டாங்ணா. குடுத்தேன்."

"பெயின்ட் யாரு அடிச்சது?"

குப்பண்ணன் தொண்டையைச் செருமினார். "நாந்தானுங் தம்பி. தோட்டத்துக் கேட்டுக்கு அடிச்சதுல சித்த மிச்சமிருந்துது."

"என்ற எழுத்து?"

"அதும் நாந்தானுங். வெள்ளப் பேனாவுல. உங்களாட்ட வரலீங், நல்லா வந்திருச்சு."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "கேட்டுக்கு அடிச்ச பெயின்ட்டு! நான் ஒவ்வொண்ணையும் அரம் போட்டு மழிச்சுக் குடுத்தேன். நீங்க அதக் கழட்டிப் போட்டுட்டு, எனக்குத் தெரியக்கூடாதுன்னு கேட்டுப் பெயின்ட்டு அடிக்கறீங்க! இதுக்கு எத்தன பேரு கூடிப் பேசுனீங்க? எங்க பேசுனீங்க? குரூப்புல ஒண்ணும் காணமே!"

கௌசிக் தரையைப் பார்த்தான். "வேற குரூப்புங்ணா."

"வேற குரூப்பா?"

"நீங்க இல்லாத குரூப்புங்ணா. உங்க மனசு நோகக்கூடாதுன்னுதான்..."

"மனசு நோகக்கூடாதுன்னு என்னத் தூக்கி வெளிய போட்டுட்டு ஒரு குரூப்பு! நல்லா இருக்குதுடா! சரி, காரணத்தச் சொல்லுங்க. ஏன் கழட்டினீங்க?"

"சித்த கனம் போல இருந்துதுங்..."

"கனத்துக்கா பெயின்ட் அடிச்சீங்க?"

"அப்பிடியில்லீங்..."

"பின்ன எப்பிடி?"

குப்பண்ணன் மேலே பார்த்து, "வெயில் ஏறுதுங் தம்பி. ஆளுக்கொரு டீ குடிச்சுட்டு வந்து ஆர அமரப் பேசுவமுங்களா?" என்றார்.

அந்த நொடியில் எனக்குத் தோன்றியதை எழுதினால் குப்பண்ணன் வீட்டில் என்னைச் சேர்க்க மாட்டார்கள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். விரலிடுக்கில் வெள்ளிப் பெயின்ட் ஒட்டியிருக்க, திருடி மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி நின்றார். இந்த மனிதர் வெயிலில் உட்கார்ந்து, எனக்காக, ஒவ்வோர் ஆர்முக்கும் பொறுமையாகப் பெயின்ட் அடித்து, என் எழுத்தை என்னைவிட நன்றாக எழுதியிருக்கிறார். விலைக்குக் கொடுத்திருந்தால் நேராக முகத்தில் விட்டெறிந்திருப்பார்கள். சும்மா கொடுத்ததைக் குறை சொல்ல இந்தப் பக்கத்தில் ஒருவருக்கும் வாய் வராது. அது புரியப் புரிய என் கோபம் இன்னும் கூடிற்றே தவிரக் குறையவில்லை. கொஞ்சம் கெட்டவர்களாக இருந்தால் திட்டுவதற்காவது வசதியாக இருக்கும்.

அப்போதுதான் சோனா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். தோளில் பை, கையில் அந்த அட்டைப்பெட்டி.

"என்னண்ணே, எல்லாரும் சண்ட போட்ட மாதிரி நிக்கிறீக?"

நான் துணியைப் பிரித்துப் பெட்டியைக் கொடுத்தேன். அவள் வெயிலில் பிடித்துப் பார்த்தாள். துணியில் கூடவே இருந்த பல்சக்கரங்களை எடுத்து உள்ளே வைத்து, மூடி, விரலால் சுற்றினாள். காதருகே கொண்டுபோய் இன்னொரு முறை சுற்றினாள். வெண்ணெயில் ஓடுகிற மாதிரி ஓடிற்று.

"குவாலிட்டி பாஸ்" என்றாள்.

என் நெஞ்சு நிமிர்ந்தது. கௌசிக் பக்கம் ஒரு பார்வை பார்த்தேன்.

அவள் சாக்கின் மேல் உட்கார்ந்து, திருகாணியைக் கழற்றி, பெட்டியை வண்டியில் பொருத்தினாள். நான் தயாராக என் ஆர்மை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. பையைத் துழாவி, அவள் அப்பாவின் பழைய பிளாஸ்டிக் ஆர்மை எடுத்தாள். பசை போட்டு ஒட்டி, மேலே நூல் சுற்றியிருந்தது.

"அம்மிணி, அது ஒடைஞ்சு ஒட்டினது. இத மாட்டு."

"வேண்டாம்ணே. இதுதான் போடப் போறேன்."

குப்பண்ணன் மெதுவாக நகர்ந்து தென்னை மரத்துக்கு அந்தப் பக்கம் போனார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் கௌசிக்கைக் கேட்டேன், குப்பண்ணனைக் கேட்டேன், கட்டின பெண்டாட்டியைக் கேட்டேன், வாட்ஸாப்பைக் கேட்டேன். நாள் முழுக்க ஆட்களின் முகத்துக்கு நேரே ரிஜெக்ட் என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆளை மட்டும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது மறதியால் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

நானும் சாக்கில் உட்கார்ந்தேன்.

"சோனா, இவங்க யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நீ சொல்லு. என்ற ஆர்ம்ல என்ன தப்பு?"

அவள் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள்.

"ஒடையாது. அதான்ணே தப்பு."

"ஒடையாததா தப்பு?"

"சொவத்துல இடிச்சா எது ஒண்ணாச்சும் ஒடஞ்சுதான் ஆவும். ஆர்ம் ஒடஞ்சா பின்னைக் கழட்டி வேற மாட்டிக்கிடலாம். எங்கப்பா எத்தன மாத்தியிருக்காக தெரியுமா? பெட்டி ஒடையவே இல்ல. அடிய பூரா ஆர்ம் வாங்கிக்கிடும். நீங்க செஞ்சது அடியே வாங்காது. வந்த அடிய அப்படியே உள்ள தள்ளி விட்டுரும். அன்னைக்கு வண்டிய ஒடச்சது சொவருமில்ல, பழைய பிளாஸ்டிக்குமில்ல. உங்க ஆர்மு. அதான் இவுக எல்லாரும் கழட்டிட்டாக. நீங்க கோவிச்சாலும் சரிண்ணே, அத மாட்டி எங்கப்பா கையில வண்டியக் குடுக்க மாட்டேன்."